ஒரு பலூனுக்கு எத்தனை மூச்சு

ஜூன் 12

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நீச்சல் குளத்துத் தண்ணீர் உங்கள் தோலை இன்னும் படுத்துகிறதா?

இதை அப்பாவின் பலூன் அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இருவரும் தூங்கிவிட்டார்கள். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவின் தொழில் போன். அதில் உங்களிடம் பேசினால் பக்கத்திலேயே நின்று கேட்பார். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. நம் மூன்று மாடியையும் பேசிக்கொண்டே ஏறுகிறவர், இப்போது முதல் திருப்பத்தில் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிறார். இரண்டாவது திருப்பத்தில் ‘குப்பை கொட்டாதீர்கள்’ அறிவிப்பை, இன்றைக்குத்தான் ஒட்டியதுபோல் தினமும் படிக்கிறார். மூன்றாவதில், எதிர்வீட்டு வாசல் தொட்டியைப் பார்த்து, “எப்படி வளந்திருக்கு பாரு இந்தச் செடி!” என்கிறார். அத்தை, அது பிளாஸ்டிக் செடி.

போன வாரம் நேரடியாகக் கேட்டேன். “அம்மாகிட்ட மூச்சு விடாதே. பார்ட்டிக்கெல்லாம் போகக் கூடாதுன்னு உட்கார வெச்சிடுவா. சத்தியம் பண்ணு” என்றார். பண்ணினேன். ஆனால் உங்களுக்கு எழுத மாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை.

பிறந்தநாள் வீடுகளில் அப்பா கோமாளியாக நின்று ஊதும் பெரிய சிவப்பு பலூன் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான்தானே உதவியாளர், என் நோட்டில் எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். போன வருஷம் அதற்கு ஐந்து மூச்சு. இப்போது ஒன்பது.

இன்னொன்று. அவருடைய களிம்பு வாங்கத் தோல் டாக்டரிடம் போனபோது சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு மூட்டு நோய், இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் எல்லாம் மற்றவர்களைவிட அதிகம் வரலாம் என்று போட்டிருந்தது. அப்பாவிடம் அதைக் காட்டிக் கேட்டேன். “அந்தப் படத்துல இருக்கறவரு சிரிச்சிட்டுத்தானே இருக்காரு?” என்று சொல்லிவிட்டார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, உங்கள் கொசு

பி.கு.: தோலில் இது முதலில் முழங்கையில்தான் தொடங்குமா? கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடை அக்காவின் தங்கைக்காகக் கேட்கிறேன். பதிலையும் அந்தக் கடை முகவரிக்கே அனுப்புங்கள்.


ஜூன் 21

என் கொசுக்குட்டிக்கு,

அத்தையின் முத்தம். நான் சௌக்கியம். தோல் வழக்கம்போல் உதிர்கிறது, நான் வழக்கம்போல் அதை உதறிவிட்டுக் குளத்தில் குதிக்கிறேன். நீ நேரத்தோடு சாப்பிடு, நேரத்தோடு தூங்கு. நீ தூங்காமல் இருப்பதால் உன் அப்பாவுக்கு மூச்சு கூடிவிடப் போவதில்லை.

உண்மை கேட்டாய், சொல்கிறேன். அந்த போஸ்டர் பொய் சொல்லவில்லை. இது உடம்பு தன் மேலேயே கோபப்படுகிற வியாதி. எனக்கும் உன் அப்பாவுக்கும் அந்தக் கோபம் தோலில் தெரிகிறது. சிலருக்கு உள்ளேயும் புகைகிறதாம். ஏன் என்று இன்னும் முழுசாகப் புரியவில்லை என்று என் டாக்டரே சொல்கிறார். ஆனால் ‘அதிகம் வரலாம்’ என்றால் ‘வந்தே தீரும்’ என்று அர்த்தம் இல்லை. சிகரெட் தோலுக்கும் ஆகாது, நுரையீரலுக்கும் ஆகாது என்பது மட்டும் சந்தேகமே இல்லாத விஷயம். துணி காய்ந்ததா பார்க்கிறேன் என்று உன் அப்பா மொட்டை மாடிக்குப் போகிறானே, துணியே துவைக்காத நாளிலும், அது எதற்கு என்று எனக்கும் தெரியும்.

பயந்து ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது மேல். ஒரு குழாயில் ஊதிப் பார்க்கிற பரிசோதனை இருக்கிறது. வலி இல்லை, ஊசி இல்லை. அவனை அங்கே கூட்டிப் போக வேண்டும். அது மட்டும்தான் நம் வேலை.

இத்துடன் தோலில் தடவுகிற சாதாரண கிரீம் இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். ஒன்று அப்பாவுக்கு. இன்னொன்று சும்மா இருக்கட்டும்.

ஜெராக்ஸ் அக்காவின் தங்கைக்கு என் பதில்: ஆமாம், முழங்கையில் தொடங்கலாம். எனக்கும் அங்கேதான். ஒட்டுவாரொட்டி இல்லை. நான் நீச்சல் சொல்லித்தரும் குளத்தில் ஒரு அம்மா, “இது என் பையனுக்கு ஒட்டிக்காதே?” என்று கேட்டார். “ஒட்டிக்கும்னா முதல்ல என் நீச்சல் ஒட்டியிருக்கணுமே, ஆறு மாசமா அவன் மிதக்கக்கூட மாட்டேங்கறான்” என்றேன்.

அன்புடன், அத்தை


ஜூலை 1

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கிரீம் வந்தது. அப்பாவிடம் ஒன்றைக் கொடுத்தேன். இன்னொன்று அக்காவின் தங்கையிடம் இருக்கிறது.

குழாய்ப் பரிசோதனை பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். “எனக்கா? ஒரு நாளைக்கு நூறு பலூன் ஊதறவனுக்கு ஊதற டெஸ்டா? அந்த மெஷின் தாங்காது கண்ணு” என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. குளியலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு இருமினார். வாளி நிரம்பி வழிந்தும் வெளியே வரவில்லை.

சிகரெட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். கோமாளியின் பெரிய ஷூவுக்குள், கால்விரல் எட்டாத முனையில் ஒரு பெட்டி. நான் தொடவில்லை. தொட்டால் நான் பார்த்தது தெரிந்துவிடும்.

இப்போது ஒரு பலூன் என் முதுகு பட்டு வெடித்துவிட்டது. அப்பா தூக்கத்தில், “யாரது?” என்றார். “பலூன்” என்றேன். “சரி” என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

என்ன செய்வது, அத்தை? சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் கொசு


ஜூலை 22

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. என்னைத் தூரத்தில் பார்க்கும்போதே ஜெராக்ஸ் அக்கா இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

இன்று ஒரு பார்ட்டி. இருபது குழந்தைகள். சிவப்பு பலூனை ஊதும்போது ஏழாவது மூச்சில் அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. பலூன் கை நழுவி, சீறிக்கொண்டு அறை முழுக்கப் பறந்து விளக்கின் மேல் விழுந்தது. அப்பா கேக் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அது வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” என்று கத்தினார்கள். வெள்ளைச் சாயத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. அவர் இன்னொரு தடவை செய்தார்.

நானும் சிரித்தேன், அத்தை. உதவியாளர் சிரிக்காவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் கொசு


ஜூலை 27

என் கண்ணு கொசுவுக்கு,

நலமாக இருக்கிறேன். இந்தத் தடவை அது சம்பிரதாயத்துக்கு எழுதுகிற வரி இல்லை, கணினி அச்சிட்டுக் கொடுத்த உண்மை. பொறு, சொல்கிறேன்.

உனக்குத் தைரியம் சொல்லி எழுதிவிட்டுக் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது. உன் அப்பாவுக்கு உள்ள தோல்தானே எனக்கும்? இருபது வயதில் நானும் அவனோடு சேர்ந்து புகைவிட்டவள்தானே? அந்தப் பரிசோதனைக்கு மூன்று தடவை கிளம்பினேன். மூன்று தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் “குதி, ஒண்ணும் ஆகாது, குதி” என்று தண்ணீரில் தள்ளுகிறவளின் லட்சணம் இது. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. எழுதினால் பொய் எழுத வேண்டியிருக்கும்.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இன்று காலை டீ குடிக்காமல் நேராக உள்ளே போனேன். மூச்சை நிறைய இழுத்து, ஒரே வேகத்தில், தீரும்வரை ஊத வேண்டும். ஊதிய காற்றில் முதல் விநாடியிலேயே எவ்வளவு வெளியே வருகிறது என்று கணக்குப் போடுகிறார்கள். நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே போனால் உள்ளே குழாய்கள் குறுகியிருக்கின்றன என்று சந்தேகம். உன் அத்தை எண்பத்திரண்டு! அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஆட்டம் போடலாமா என்று பார்த்தேன், நர்ஸ் முறைத்தார்.

வரும்போது பஸ்ஸிலேயே வழி தோன்றிவிட்டது. சின்ன வயதில் நானும் உன் அப்பாவும் வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி, யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று போட்டி போடுவோம். ஒரே ஒரு நாள் அவன் ஜெயித்தான். முப்பது வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். ‘வாப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று கூப்பிட்டால் அவன் வரமாட்டான். ‘வாடா, தோற்கடிக்கிறேன்’ என்று கூப்பிட வேண்டும். என் அச்சுத் தாளை அவன் பெயருக்கே தனியாக அனுப்பிவிட்டேன். நீ ஒன்றும் தெரியாதவள்போல் முகத்தை வைத்துக்கொள்.

சிரித்ததற்காக வருத்தப்படாதே. அன்றைக்கு அவனைத் தாங்கியது உன் சிரிப்புதான்.

அன்புடன், அத்தை


ஆகஸ்ட் 8

அன்புள்ள எண்பத்திரண்டு அத்தைக்கு,

நலம், நலம், நலம். உங்கள் நலத்தைத்தான் அச்சிலேயே பார்த்துவிட்டோமே!

தாள் காலையில் வந்தது. அப்பா வாசலிலேயே நின்று படித்தார். மேலே நீங்கள் எழுதியிருந்ததைச் சத்தமாகவே படித்தார்: “தம்பி, நான் 82. உன்னால் முடியுமா? இப்படிக்கு, தவளை.”

“எண்பத்திரண்டா? இந்தத் தவளையா? மெஷின் ரிப்பேரா இருக்கும்.”

நான் ஒன்றும் தெரியாதவளாக, “அது என்னப்பா?” என்றேன். என் முகம் சரியாக இருந்ததா என்று தெரியவில்லை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, “டெஸ்டுக்குப் போற அன்னிக்காவது சிகரெட்ட விடுங்க” என்றார்.

“யாரு பிடிக்கறா?”

“உங்க ஷூ பிடிக்குது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அத்தை, சத்தியமாக! அப்பா ஷூவை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் துணி காய்ந்ததா பார்க்க மாடிக்குப் போகாமல் போனை எடுத்துப் பரிசோதனைக்கு நாள் கேட்டார். பதினேழாம் தேதி. அன்று பள்ளிக்கு லீவு போட்டு என்னையும் கூட்டிப் போகிறாராம். நடுவராம் நான்.

தினமும் கண்ணாடி முன் நின்று ஊதிப் பழகுகிறார். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

உங்கள் கொசு

பி.கு.: அக்காவின் தங்கைக்குக் கிரீம் தடவினால் அரிப்பு குறைகிறதாம். ஆனால் திட்டு அப்படியே இருக்கிறதாம்.


ஆகஸ்ட் 19

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமா? நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஒரு வரியில் சொல்ல முடியாது. முழுசாக எழுதுகிறேன்.

பரிசோதனை செய்கிற அக்கா அப்பாவின் மூக்கில் ஒரு கிளிப் மாட்டி, குழாயைக் கையில் கொடுத்தார். “நல்லா மூச்ச இழுங்க சார்... இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க!”

அப்பா கன்னத்தை உப்பவைத்து, மெதுவாக, ஒரே சீராக ஊதினார்.

“என்ன சார், சூடான டீய ஆத்தற மாதிரி ஊதறீங்க?”

“வேகமா ஊதினா வெடிச்சிடும்மா.”

“எது சார் வெடிக்கும்?”

அப்பா இரண்டாவது தடவை வேகமாக ஊதினார். ஆனால் முடித்ததும் குழாயின் வாயை இரண்டு விரலால் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார்.

“சார், அதக் கட்ட வேண்டாம். விடுங்க.”

அந்த அக்கா சிரித்தார், நான் சிரித்தேன், அப்பாவும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்து உட்கார வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஊதியதெல்லாம் சரியாக வந்தது. ஒரு மருந்தை உறிஞ்சச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார்கள்.

அறுபத்தொன்று.

நாள்பட்ட நுரையீரல் நோய்தான் என்று டாக்டர் சொன்னார். சொரியாசிஸ் இருக்கிறது என்றதும், “அப்ப இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்” என்றார். எப்போதிலிருந்து மூச்சு குறைந்தது என்று கேட்டார். “இப்பதான், ஒரு மாசமா” என்றார் அப்பா. நான் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டேன். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஐந்து, ஐந்து, ஆறு, ஆறு, ஏழு, ஒன்பது. “உங்களுக்குத் தெரியல. இவளுக்குத் தேதியோட தெரிஞ்சிருக்கு” என்றார். அப்பா என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தலையில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

போனது முழுசாகத் திரும்பாது, ஆனால் சிகரெட்டை இன்றே நிறுத்தினால் இனிமேல் போவதைப் பெரும்பாலும் தடுக்கலாம், இன்ஹேலரும் பயிற்சியும் சேர்ந்தால் நன்றாக நடமாடலாம் என்றார். நூறு பலூனைப் பம்பிடம் விட்டுவிடுங்கள், ஆசைக்கு ஒன்று ஊதுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தோம். இரண்டாவது திருப்பத்தில் அப்பா அறிவிப்பைப் படிக்கவில்லை. “கொஞ்சம் உக்காரலாமா?” என்று கேட்டுப் படியில் உட்கார்ந்தார். அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மேலே கதவு திறந்தது. அம்மா இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மூணு மாசமா உங்க காலடிச் சத்தம் மூணு இடத்துல நிக்குது. சமையல்கட்டுல நின்னு எண்ணிட்டேதான் இருந்தேன். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்.”

“நீ பயப்படுவேன்னு...”

“இப்ப மட்டும் என்ன, குஷியாவா இருக்கேன்?”

அப்புறம் இருவரும் சிரித்துவிட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நானும் நடுவில் புகுந்து உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை, அத்தை.

உங்கள் கொசு


ஆகஸ்ட் 26

என் கொசுவுக்கும், இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கப்போகிற என் தம்பிக்கும்,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்களா என்று கேட்க மாட்டேன். எல்லோரும் உண்மை பேசுகிறீர்களா? அது போதும்.

அறுபத்தொன்று என்று படித்ததும் அழுதேன். அழுது முடித்ததும், போட்டியில் ஜெயித்தது நான் என்பது ஞாபகம் வந்தது. தம்பி, முப்பது வருஷக் கணக்கு தீர்ந்தது. இனி அந்த வாளிக் கதையை யாரிடமும் சொல்லக் கூடாது. மறுபோட்டி வேண்டுமானால் ஷூவைக் காலி செய்துவிட்டு வா.

கொசு, இந்தப் பத்தி உனக்கு மட்டும். ஜெராக்ஸ் அக்காவின் தங்கை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாளா? அவள் வயதில் நான் அப்படித்தான் திரிந்தேன், இரண்டு வருஷம். அவளிடம் சொல், யாரிடமாவது காட்டச் சொல். எண்ணுவதைவிடக் காட்டுவது சுலபம்.

அன்புடன், அத்தை


நவம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் மூவரும் நலம். இதை எழுதும்போது கை நிற்கவே இல்லை. உங்கள் நலத்தை அப்பா கேட்கச் சொன்னார், எண்பத்திரண்டிலிருந்து இறங்கியிருந்தால் உடனே தெரிவிக்க வேண்டுமாம்.

இந்தக் கடிதத்தைப் பகலில், கூடத்து மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பலூன் அறையைவிட இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அப்பா ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்க்கிறார்.

ஷூ காலியாகி எண்பத்து நான்கு நாள். முதல் மாதம் அவர் எரிச்சலில் பம்பைக்கூடத் திட்டினார். இப்போது காலையும் மாலையும் அம்மாவோடு நடக்கிறார். பார்ட்டியில் நான்தான் பம்பு அடிக்கிறேன். அதைத் தலைகீழாகப் பிடித்துச் சண்டை போடுவது புது வேடிக்கையாகிவிட்டது.

அப்புறம், அக்காவின் தங்கை. போன சனிக்கிழமை அப்பா அன்றைக்கு உட்கார்ந்த அதே படியில் அவரோடு நானும் உட்கார்ந்தேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அப்பா தன் சட்டைக் கையையும் மடித்து, தன் முழங்கையை என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரொம்பச் சின்னது. நீ எங்ககூடப் போட்டிக்கு வர இன்னும் நாளாகும்” என்றார். எனக்கு அழுகை வந்து, பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது.

திங்கட்கிழமையே தோல் டாக்டரிடம் போனோம். களிம்பு கொடுத்தார், சிகரெட் பக்கம் ஜென்மத்துக்கும் போகாதே என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா கூரையைப் பார்த்தார். அதற்கு முன்னால், காத்திருக்கும் அறையில், அதே போஸ்டருக்குக் கீழே ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. அப்பா பையிலிருந்து பெரிய சிவப்பு பலூனை எடுத்தார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். அவர் நிறுத்தி, “சத்தமா எண்ணு” என்றார். ஒன்று, இரண்டு என்றேன். மூன்றுக்கு அந்தக் குழந்தையின் அம்மா சேர்ந்துகொண்டார். ஐந்துக்கு அறை முழுக்க எண்ணியது, டோக்கன் கொடுக்கும் அக்கா உட்பட.

எட்டு! ஒன்பது இல்லை, அத்தை, எட்டு. நிதானமாக, ஒரு இருமல்கூட இல்லாமல். அப்பா முடிச்சுப் போட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, “நோட்ல எழுதிக்கோ” என்றார்.

இன்று அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறேன். ஜெராக்ஸ் அக்கா பார்த்துவிட்டு, “புதுச் சட்டையா, நல்லாருக்கே” என்றார். அவ்வளவுதான்.

அந்த அக்காவுக்குத் தங்கையே கிடையாது. ஆனால் உங்கள் முதல் பதிலிலேயே இரண்டு டப்பா வந்ததே, அதை நான் இப்போதுதான் யோசித்தேன்.

உங்கள் கொசு

அக்கா, பேனாவைப் பிடுங்கிவிட்டேன். உன் மருமகள் என்னைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மைதான், ஒன்றைத் தவிர. படியில் இப்போது ஒரே ஒரு இடத்தில்தான் நிற்கிறேன், அந்தச் செடிக்கு முன்னால். அது பிளாஸ்டிக் என்று எனக்கும் தெரியும். அத்தனை நாள் நின்று பார்த்ததில் பிடித்துப்போய்விட்டது. அடுத்த மாதம் மறுபோட்டி. வாளியோடு வா.